பேட்மேனின் காசு லாச்சி

கேள்வி:
ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் என் பேரனுக்குப் பதினொரு வயது. தண்ணீர் பவுசர் வரும் நாளில் நான் குடங்களை அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "அப்பம்மா, பேட்மேன் நினைச்சால் ஒரே நாளில எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணி குடுப்பார், அவரிட்ட அவ்வளவு காசு இருக்கு" என்றான். அந்தக் காசு எங்கே இருந்து வருகிறது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கணக்குப் படிப்பித்த நீங்கள் சொல்லுங்கோ.
– ஓர் அப்பம்மா, புங்குடுதீவு

பதில்:
அது உழைத்துச் சேர்த்த காசு இல்லை அம்மா, முதுசம். 1939இல் சித்திரக்கதையில் பிறந்த, பேட்மேன் வேடம் போடும் புரூஸ் வெய்னுக்குத் தாய்தகப்பன் விட்டுப்போன சொத்து. பிறகு வந்த கதைகளில் அது பெரிய கொம்பனியாகிவிட்டது. 2013இல் ஃபோர்ப்ஸ் சஞ்சிகை கற்பனைப் பணக்காரர்களைப் பட்டியல் போட்டபோது அவருக்கு 920 கோடி டொலர் என்று எழுதியது.

ஆனால் இது லாச்சியைத் திறந்தால் கிடக்கும் காசு அல்ல, பங்குகளின் விலை. உங்கள் வளவில் நிற்கும் பனைகளுக்கு விலை போட்டால் ஒரு தொகை வரும். அதைக் கொண்டுபோய் நாளைக்குச் சந்தையில் மீன் வாங்க முடியாது. பங்குலாபம் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு என்று வைத்துப் பார்த்தால் அவர் கைக்கு வருவது 18 கோடியே 40 லட்சம் டொலர். பங்கை விற்காமல் செலவழிக்கக்கூடியது அவ்வளவுதான்.

செலவுக்கு வருவோம். 2005இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் அவர் போடும் கவசம் கொம்பனி படையினருக்கென்று செய்தது. ஒன்று 3 லட்சம் டொலர் என்றதும் விலைபோகாமல் கிடந்தது. வாகனமும் அப்படிக் கிடந்ததுதான். கடைச் சாமானை முதலாளி தன் பாவனைக்கு எடுக்கிறார். தனிக்கடை என்றால் பற்று என்று கொப்பியில் எழுதிவிட்டால் சரி. அந்தக் கொம்பனிக்கோ வேறு பங்காளிகளும் உண்டு. ஆகவே இது பிழை. அடுத்த படத்தில் கொம்பனிக் கணக்கைப் பார்க்கும் ஒருவர் இதைக் கண்டுபிடிக்கிறார். அதை வைத்து அவர் காசு பறிக்கப் பார்த்தது கெட்ட வேலை. கண்டுபிடித்தது நல்ல வேலை என்றே என் மாணவர்களுக்குச் சொல்லுவேன்.

2012இல் வந்த மூன்றாவது படத்தில் ஒரு சின்ன இடம் என் நெஞ்சில் நின்றுவிட்டது. அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்கு வெய்ன் அறக்கட்டளை கொடுத்துவந்த காசு நின்றுபோயிருக்கும். வெய்னுக்கே அது தெரியாது. ஆராய்ச்சிக் காசைக் கொண்டுபோய் மின்சாரம் தரும் ஓர் அணு உலையில் கொட்டி, அதை ஓடவிடாமல் பூட்டி வைத்திருப்பார். அறக்கட்டளைக்குக் காசு போவது கொம்பனி லாபத்தில் இருந்து. லாபம் இல்லாதபோது பிள்ளைகளுக்கும் இல்லை.

புங்குடுதீவில் இருப்பவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் உங்கள் ஊரார் வைத்திருந்த கடைகளின் லாபம்தான் திருவிழா உபயமாகவும் பள்ளிக்கூடக் கட்டடமாகவும் ஊருக்குத் திரும்பி வந்தது. 1983 ஜூலையில், தமிழர் மீதான வன்முறையில், கடைகள் எரிந்தன. 1991இல் போரால் ஊரே பெயர்ந்தது. திரும்பி வந்தபோது சுவர்கள் நின்றன. அவற்றை நடத்திய லாச்சிகள் போய்விட்டன.

இப்போது வருவது ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் லண்டனிலும் உழைக்கும் பிள்ளைகளின் சம்பளக் காசு. தனித்தனியே சின்னத் தொகை. ஆனால் பல கைகளில் இருந்து வருவதால் ஒன்று நின்றாலும் மற்றது வரும். அந்த வகையில் வெய்னின் காசைவிடப் பலமானது. என் கவலை வேறு. அதில் மிகுதி கட்டுவதற்கென்றே வருகிறது: கோபுரம், மண்டபம், அலங்கார வளைவு. குளம் தூர்வாரியதற்கும் பவுசருக்கு டீசல் அடித்ததற்கும் யாரும் பெயர்க்கல் வைப்பதில்லை. ஒரு பகுதியையாவது நிரந்தர வைப்பில் போட்டு, முதலைத் தொடாமல் வட்டியைத் தண்ணீருக்கு எடுங்கள் என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பேரனுக்கு மு. தளையசிங்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியார் அள்ளக்கூடாது என்றிருந்த காலம். தண்ணீர் கிணற்றில் இருந்தது, அள்ள விடவில்லை. ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் இருந்த தளையசிங்கம் 1971இல் அவர்களோடு சத்தியாக்கிரகத்தில் நின்றார், தாக்கப்பட்டார், கைதானார். 1973இல் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கிணற்றடியில் 920 கோடி டொலரை வைத்து என்ன செய்திருக்கலாம் என்று அவனிடமே கேளுங்கள்.

அவன் திரும்பிப் போகுமுன் ஒரு கணக்கும் செய்யட்டும். பவுசர் ஒருமுறை வந்துபோக என்ன செலவு, எத்தனை குடம், எத்தனை வீடு, ஒரு வருடத்துக்கு எவ்வளவு, அந்தத் தொகை வட்டியாக வர எவ்வளவு முதல் வேண்டும். செய்த தாளை எனக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் திருத்தி, அவன் பெயருக்கே ரொறன்ரோவுக்கு அனுப்பிவைக்கிறேன்.