காண்பது கண் மட்டுமன்று: பூனைக்குட்டிகள் கற்பித்த பாடம்

“கண்ணின் அமைப்பில் குறை ஏதும் இல்லை; ஆயினும் கண்ணாடி அணிந்தும் பார்வை தெளியவில்லை” என்று மருத்துவர் கூறும்போது பெற்றோர் திகைப்பது இயல்பே. இதன் விடை கண்ணில் அன்று, மூளையில் உள்ளது.

விழித்திரை ஒளியை மின் குறிப்புகளாக மாற்றுகிறது. அவை பார்வை நரம்பின் வழியே தலாமஸை அடைந்து, அங்கிருந்து மூளையின் பிற்பகுதியிலுள்ள பார்வைப் புறணிக்குச் செல்கின்றன. அங்கு நிகழ்வது என்ன என்பதை டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு அறிஞர்கள் 1958ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஆராய்ந்தனர். மயக்கமருந்து அளிக்கப்பட்ட பூனையின் நரம்பணு ஒன்று, ஒளிப்புள்ளிகளைக் காட்டியபோது பெரிதும் வாளாவிருந்தது. கண்ணாடிச் சில்லின் விளிம்பு நிழல் கோடாக நகர்ந்தபோதோ விரைந்து துடித்தது. நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சாய்வுடைய கோட்டுக்கே மிகுதியாக இயங்குகின்றன என்பது தெளிவாயிற்று.

1963இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் முதன்மையானது. பிறந்தது முதல் சில மாதங்கள் ஒரு கண் மூடப்பட்டிருந்த பூனைக்குட்டிகளில், அக்கண்ணைத் திறந்த பின்னரும் பார்வைப் புறணியின் நரம்பணுக்கள் அதற்கு ஏறத்தாழ இயங்கவே இல்லை. மற்றக் கண்ணே அவற்றைக் கைக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைகளிலோ இத்தகைய இழப்பு நேரவில்லை. பார்வைச் சுற்றுகள் உறுதிபெறுவதற்கு இளமையில் ஒரு பருவம் உண்டு என்பதை இது உணர்த்திற்று. 1981இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மாறுகண், பிறவிக் கண்புரை, இரு கண்களின் பார்வைத் திறனில் மிகுந்த வேறுபாடு ஆகியவற்றால் குழந்தைகளுக்கு வரும் ‘சோம்பேறிக் கண்’ இத்தகையதே. முதலில் கண்ணாடியாலோ அறுவையாலோ தடை நீக்கப்படுகிறது. பின்னர் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடி, மற்றக் கண்ணைப் பயன்படுத்த மூளை பழக்கப்படுகிறது. குழந்தை அழுகிறதே என்று இதனை இடையில் நிறுத்திவிடலாகாது. விரைவில் குணமாகட்டும் என்று கூடுதல் நேரம் மூடுவதும் தவறு. அளவு மீறினால் நல்ல கண்ணின் பார்வையும் குன்றக்கூடும். ஆகவே மறுபரிசோதனை நாள்களைத் தவறவிடாதீர்கள்.

ஒரு கண்ணை மறைத்தால் மட்டும் குழந்தை அழுவது, கண் விலகி நிற்பது, கண்மணியில் வெண்மை தோன்றுவது ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை நாடுங்கள். பல குழந்தைகளிடம் அறிகுறியே தோன்றாது. எனவே பள்ளியில் சேர்க்கும் முன் கண் பரிசோதனை இன்றியமையாதது. வயது கடந்தோர்க்கும் ஓரளவு பயன் கிட்டலாம். எனினும் இளமையில் செய்யும் சிகிச்சையே சிறந்த பலன் தரும்.