ஏழு விழாத கட்டை

கோடை விடுமுறையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் தெருத் திண்ணையில் ஒரே சத்தம்தான். பித்தளைக் கட்டைகள் இரண்டு உள்ளங்கைக்குள் உரசி, சிமெண்டுத் தரையில் உருண்டு நிற்கும் சத்தம். ஆச்சி சாக்பீஸால் கட்டம் போடுவாள். அண்ணனுக்குக் காய் புளியங்கொட்டை, எனக்கு உடைந்த வளையல் துண்டு, ஆச்சிக்கு எப்போதும் சோழி. முதலில் காய் சுற்றி முடித்துப் பழுப்பதும் பெரும்பாலும் ஆச்சிக்குத்தான். “அவ கைராசி அப்படி” என்று எல்லாரும் சொன்னோம். ஆச்சி மறுக்கவில்லை, புகழ்ச்சியை யார் வேண்டாம் என்பார்கள்! பல வருடம் கழித்து ஒரு தாளில் தாயக்கட்டையின் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் நாங்கள் நம்பியதெல்லாம் எவ்வளவு தப்பு என்று தெரிந்தது.

“எது வேணும்னாலும் விழலாம், எல்லாம் ஒண்ணுதான்”

ஒன்றே அல்ல. கட்டைக்கு முகம் நான்கு. ஒன்றில் புள்ளி கிடையாது, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் மூன்று மட்டும் 4 விதத்தில் வந்துவிடும்: வெறுமையும் மூன்றும் இரண்டு விதம், ஒன்றும் இரண்டும் இரண்டு விதம். இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3 விதம். தாயம் எனப்படும் ஒன்றுக்கு 2, ஐந்துக்கும் 2. ஆறுக்கு ஒரே வழி; இரண்டு கட்டையும் வெறுமையாக நின்றால் வரும் பன்னிரண்டுக்கும் ஒரே வழி. ஆக, தாயம் விழ 8இல் 1 வாய்ப்பு, பன்னிரண்டுக்கு 16இல் 1. பல வீடுகளில் 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம் என்பது சட்டம். நான்கையும் சேர்த்தாலும் 16இல் 6தான்.

சோழியிலோ ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையிலோ ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சோழி மல்லாக்க விழுவதும் குப்புற விழுவதும் சமமில்லை. அதன் முதுகின் வளைவைப் பொறுத்து மாறும்.

“இவ்வளவு நேரம் விழல, அடுத்தது தாயம்தான்”

இதை நம்பாத வீடு தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம். தாயம் விழுந்தால்தான் முதல் காயையே இறக்க முடியும். அதனால் மற்றவர்கள் பாதிச் சுற்று போய்விட்டபோதும் ஒருவர் மட்டும் வெறும் கட்டையை உருட்டிக்கொண்டிருப்பார். “எத்தனை தடவைதான் ஏமாத்தும், இப்ப வந்துதானே ஆகணும்” என்று அவருக்கு ஆறுதல் வேறு சொல்வோம்.

வந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்பது உருட்டல் வீணாகப் போயிருந்தாலும் பத்தாவதிலும் அதே 8இல் 1தான். போன தடவை என்ன விழுந்தது என்று பித்தளையிடம் யாரும் போய்ச் சொல்வதில்லையே. இன்னொரு பக்கம், பத்து உருட்டல் தாயமில்லாமல் போவதை நாம் பெரிய அநியாயமாக நினைக்கிறோம் அல்லவா? அது நூற்றுக்கு 26 தடவை நடக்கும் சாதாரணச் சங்கதி. நான்கு பேர் ஆடினால், ஆளுக்குப் பத்து உருட்டல் முடிந்த பிறகும் தாயத்தைக் கண்ணில் காணாதவர் ஒருவராவது இருக்க நூற்றுக்கு 70 வாய்ப்பு உண்டு. இருபது உருட்டலும் வெறுமையாகப் போக நூற்றுக்கு 7. என் அண்ணன் அந்த ஏழில் ஒருவனாக ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்து, கட்டையைத் தூக்கித் தோட்டத்தில் எறிந்தான். தேடி எடுக்க இருட்டிவிட்டது.

“கைராசிதான் எல்லாம்”

கைராசி கிடையாது. கைவேலை உண்டு. கட்டையைப் புரளவிடாமல் நழுவவிடத் தெரிந்தவருக்கு, மேலே இருந்த முகமே மேலே நிற்கும். நன்றாக உரசி உருட்ட வேண்டும் என்று பெரியவர்கள் கறாராக நிற்பது அதனால்தான். கட்டையும் ஒழுங்காக இருக்க வேண்டும். பல தலைமுறை கை பட்டு ஒரு பக்கம் தேய்ந்துபோன கட்டையில் அகலமான முகங்கள் அதிகம் விழும். பழைய கட்டை ராசியானது என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் அதன் ஓரங்களைத் தடவிப் பார்ப்பேன்.

“சகுனியின் கட்டை அவன் அப்பன் எலும்பு, வீட்டில் தாயம் உருட்டினால் குடும்பம் பிரியும்”

எலும்புக் கதை வியாச பாரதத்தில் இல்லை. மக்கள் வாய்மொழியில் வளர்ந்து, பின்னாளில் தொலைக்காட்சி வரைக்கும் வந்த கதை அது. இன்னும் பின்னால் வேதப் பாட்டுக்குப் போனால் அதில் கட்டையே இல்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 34ஆம் சூக்தம் முழுக்கச் சூதாடி ஒருவனின் புலம்பல். அவன் உருட்டிக் கெட்டது தான்றிக்காயை. திரிபலா சூரணத்தில் கடுக்காயோடும் நெல்லிக்காயோடும் சேர்கிற அதே தான்றிக்காய்தான்!

கட்டைகளும் பழையவைதான். மொகஞ்சதாரோவில் கனசதுரப் பகடையும் கிடைத்திருக்கிறது, நீளக் கட்டையும் கிடைத்திருக்கிறது. கீழடியில் தந்தத்தால் செய்தது கிடைத்தது. குடும்பம் பிரிவதென்றால், அது பணயம் வைப்பதால் வருவது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க இதே கட்டையை உருட்டிப் பரமபதம் ஆடும் வீடுகளை யாரும் குறை சொல்வதில்லையே.

“லூடோவைப் பார்த்து வந்ததுதான் தாயம்”

பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது கோபம் வருகிறது, ஆனால் அவர்கள் போனில் முதலில் பார்த்தது லூடோவைத்தானே. லூடோ இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அதன் மூலம் வட இந்தியாவின் பச்சீசி. நம் தாயமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம். லூடோ என்பது ‘நான் ஆடுகிறேன்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்.

“தாயம் வெறும் அதிர்ஷ்டம்”

பரமபதத்தைப் பற்றி இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அதில் ஆளுக்கு ஒரே காய். விழுந்த எண்ணை நகர்த்துவதைத் தவிர வேறு வேலையில்லை. உங்களுக்குப் பதில் பக்கத்து வீட்டுக் குழந்தை நகர்த்தினாலும் பாம்பு அதே இடத்தில்தான் கடிக்கும். தாயத்தில் அப்படியில்லை. கையில் பல காய் இருக்கும். விழுந்த மூன்றை எந்தக் காய்க்குக் கொடுப்பது, குறுக்குக் கோடு போட்ட கட்டத்தில் பத்திரமாக இருப்பதை எப்போது கிளப்புவது, வெட்டுவதா ஓடுவதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். ரம்மியில் சீட்டைக் கலைப்பது அதிர்ஷ்டமானாலும், எதை வைத்துக்கொள்வது எதைக் கீழே போடுவது என்பதில் திறமை இருக்கிறது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் திண்ணைக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேரவில்லை.

என் காய் வெட்டுப்பட்டதும் நான் கட்டையைத் திட்டுவேன். ஆச்சி சிரிப்பாள். “ஏல, கட்டைய ஏன் வையுத? காய எங்க கொண்டு வச்ச, அதச் சொல்லு. எனக்கு மூணு கட்டம் முன்னாலயா வைக்கது?”

எதிராளிக்கு மூன்று கட்டம் முன்னால் காயை வைத்தால், நாலில் ஒரு உருட்டல் அதை வெட்டும். இடையில் விழுவதை வேறு காய்க்குக் கொடுத்துவிட்டு அவர் போடும் மறு உருட்டல்களையும் சேர்த்தால் ஆபத்து கிட்டத்தட்டப் பாதி. நான்கில் கொஞ்சம் குறையும். ஏழில் வைத்தால்? ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஓர் எண்ணும் இந்தக் கட்டைகளில் ஒரே உருட்டலில் விழாது. ஐந்து விழுந்து, அடுத்து இரண்டு விழ வேண்டும், அல்லது ஆறும் தாயமும் அடுத்தடுத்து வர வேண்டும். இப்படிப்பட்ட வழிகளையெல்லாம் கூட்டினாலும் நூற்றுக்குப் பத்தைத் தொடாது.

நாலாம் வகுப்பு தாண்டாத ஆச்சி இதையெல்லாம் எழுதிப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் இப்போது கண்ணை மூடி அந்தத் திண்ணையை நினைத்தால், என் வளையல் துண்டுக்குச் சரியாக ஏழு கட்டம் தள்ளி அவள் சோழி உட்கார்ந்திருக்கிறது.