குறைந்த செலவில் அழகான வீடு

மீளக்குடியமர்ந்த கிராமங்களுக்குப் போகும்போது ஒரே மாதிரியான வீட்டை நாம் திரும்பத் திரும்பக் காண்கிறோம். வீதியைப் பார்த்த முன்சுவருக்கு மட்டும் பூச்சும் வர்ணமும் இருக்கும். விறாந்தையில் இரண்டு கொங்கிறீற் தூண்கள், அவற்றின் தலையில் பூவேலை. பின்புறம் சென்றால் பூசாத சுவர். யன்னல் இருக்கவேண்டிய இடத்தில் உரப்பை தொங்கும். சமையல் இன்னும் பழைய தறப்பாள் கொட்டிலுக்குள்தான். கேட்டால், "காசு முடிஞ்சு போச்சு, சுவாமி" என்பார்கள்.

2012இல் வேலை ஆரம்பித்த இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்திற்கு 550,000 ரூபா கட்டங் கட்டமாக வழங்கப்பட்டது. கட்டும் பொறுப்பு குடும்பத்திடமே விடப்பட்டது. அது நல்ல முறை. ஆயினும் அந்தப் பணத்திற்கு மேலாக நகையை அடைவு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் செலவழித்த குடும்பங்கள் பல. பொருட்களின் விலையேற்றம் ஒரு காரணம். "வடிவுக்கு" என்று செய்த வேலைகள் இன்னொரு காரணம். வீடு முடியுமுன் கடன் முற்றி, விதைநெல்லுக்குக் கூடக் கையில் காசில்லாமல் நின்றவர்களை நாம் அறிவோம். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருக்கும் குடும்பங்கள் வீடு கட்டத் தொடங்குமுன் இதைப் பற்றி ஆறுதலாகச் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

வடிவாக வீடு கட்ட ஆசைப்பட்டது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஏழைக்கு நாலு சுவரும் கூரையும் போதும், அழகு எதற்கு என்று பேசுகிற திட்ட அலுவலர்களைக் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் அவர்களுடைய சொந்த வீடு அழகாகத்தான் இருக்கும். விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இஸ்ரயேல் மக்கள் அப்போது பாலைநிலத்தில் கூடாரங்களில் இருந்த இடம்பெயர்ந்த மக்கள். அந்த நிலையிலும் பெட்சலேல் என்ற கைவினைஞனைக் கடவுள் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பி, அழகான வேலைகளைச் செய்யப் பணிக்கிறார். அவன் செய்த உறைவிடம் கழற்றிக் காவக்கூடியது. சட்டங்கள் பாதங்களில் பொருந்தி நிற்கும். பேழையின் நான்கு மூலைகளிலும் வளையங்கள் இருக்கும், அவற்றில் தண்டுகளைச் செருகித் தூக்கிச் செல்லலாம். அழகும் பயனும் அங்கே ஒரே வேலையாக இருந்தன. எனவே அழகு வேண்டும் என்பதில் நாம் உங்களோடுதான் நிற்கிறோம். அந்த அழகை எங்கிருந்து பெறுவது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில், ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடினார். அவர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 1917இல் பிறந்த கட்டடக் கலைஞர், குவேக்கர் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். தொழுநோயாளருக்கான பணிக்காக 1945இல் இந்தியாவுக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். வருமுன்னரே காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. ஒரு வீட்டிற்கான பொருட்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்கவேண்டும் என்று காந்தி சொன்ன கருத்தைப் பேக்கர் பிற்காலத்தில் அடிக்கடி நினைவுகூர்வார். திருவனந்தபுரத்தில் குடியேறியபின், 2007இல் இறக்கும்வரை, ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஏராளமான வீடுகளைக் கட்டினார். இயேசு சபையினருக்காக அவர் அமைத்த லொயோலா சிற்றாலயமும் அதே முறைகளால் கட்டப்பட்டதுதான். செல்வந்தர்களும் பின்னர் அவரைத் தேடி வந்தார்கள். வீடுகள் மலிவாக இருந்தது மட்டும் அதற்குக் காரணமன்று. அவை கண்ணுக்கு இனியவையாகவும் இருந்தன.

அவருடைய வழி எளிமையானது. ஒரு பொருளைச் சுவரில் வைக்குமுன், இது இல்லாவிட்டால் வீடு விழுமா, ஒழுகுமா, புழுங்குமா என்று கேட்பார். இல்லை என்றால் அதை விட்டுவிடுவார். எஞ்சியதைச் சீராகச் செய்வார். அந்தச் சீர்தான் அழகு.

சுவரை எடுத்துக்கொள்வோம். நாம் செங்கல்லைப் படுக்கையாக வைத்து ஒன்பது அங்குலச் சுவர் கட்டுகிறோம். பேக்கர் கல்லை அதன் ஒடுங்கிய பக்கத்தில் நிறுத்தி வைத்தார். வெளிப்புறம் ஒரு கல், உட்புறம் ஒரு கல், நடுவில் வெற்றிடம். இரண்டையும் பிணைக்க இடையிடையே குறுக்காக ஒரு கல். ஆங்கிலேயர் இதை எலிப்பொறிக் கட்டு என்பர், நடுவிலுள்ள வெற்றிடம் எலிப்பொறிப் பெட்டி போலிருப்பதால். (எலி உள்ளே போய்விடுமோ என்று ஒரு கூட்டத்தில் அம்மா ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சரியாகக் கட்டினால் வெற்றிடம் எல்லாப் பக்கமும் மூடியே இருக்கும்.) சுவரின் தடிப்பு அதே ஒன்பது அங்குலம். ஆனால் கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம், சாந்தும் குறைவு. நடுவில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கும். கல்வரிசை கோலம் போட்டது போல் தெரிவதால் வெளிப்புறம் பூச்சுத் தேவையில்லை. பூச்சு இல்லையேல் வர்ணமும் இல்லை, ஆண்டுதோறும் திரும்ப அடிக்கும் செலவும் இல்லை.

ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு. சூளையில் நன்றாக வெந்த, அளவொத்த கல் வேண்டும். கோணற் கல்லால் கட்டினால் சுவர் பார்க்கவும் நன்றாயிராது, நிற்கவும் மாட்டாது. நமது மேசன்மார் பலருக்கு இது பழக்கமில்லை. முதலில் கோழிக்கூடோ கழிப்பறைச் சுவரோ ஒன்றில் கட்டிப் பழகட்டும். சீமெந்துக் கல்லுக்கு இம்முறை பொருந்தாது. ஆகவே இது முக்கியமாக வன்னிக்கும் மன்னார்ப் பெருநிலப் பகுதிக்கும் உரியது. அங்கே களிமண் உண்டு, சூளையும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ளவர்கள் இதற்காக வெளியிலிருந்து செங்கல் ஏற்றி வந்தால் மிச்சம் பிடித்தது வண்டிக் கூலியில் போய்விடும். அங்கே சுண்ணக்கல் இருக்கிறது. முற்றிய பனையின் கைமரமும் சிலாகையும் இருக்கின்றன, பனை தறிக்க அனுமதி பெறவேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கறுத்து மினுங்கும் பனஞ்சிலாகை தெரியக்கூடியதாக ஓட்டின் கீழ்ப்புறத்தை விட்டாலே போதும். அதற்குக் கீழே பலகைத் தட்டு அடித்து மறைப்பது காசு கொடுத்து அழகை மூடுவதாகும்.

அடுத்தது யன்னல். நிலை, கதவு, கண்ணாடி, கம்பி, பிணைச்சல், கொளுக்கி என்று சேர்த்துப் பார்த்தால், அதே அளவு சுவரைவிடப் பல மடங்கு செலவு. பேக்கர் பல இடங்களில் யன்னலுக்குப் பதிலாகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கித் துளைச்சுவர் எழுப்பினார். காற்று வரும், வெளிச்சம் கூசாமல் வரும், கள்வன் வரமாட்டான். மாலை வெயில் அதனூடாக நிலத்தில் விழும்போது உண்டாகும் கோலத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆனால் அதை நமது காற்றுக்கு ஏற்ப வைக்கவேண்டும். வாடைக்காற்றோடு மழை வரும் வடகிழக்குப் பக்கத்தில் துளைச்சுவர் வைத்தால் மார்கழியில் பாய் நனையும். சோளகம் வரும் தென்புறமே பொருத்தம். பாம்பு, பூச்சி நினைவிருக்கட்டும், இரண்டரை அடிக்கு மேலேதான் துளை தொடங்க வேண்டும். நுளம்பை அது தடுக்காது, படுக்கைக்கு வலை தேவை. படுக்கை அறைக்கு ஒரு யன்னலாவது மூடித் திறக்கக்கூடியதாக இருப்பது நல்லது.

கொங்கிறீற் கூரைக்குள் பழைய ஓடுகளை வைத்துச் சீமெந்தை மிச்சம் பிடிக்கும் முறையும் பேக்கருடையதுதான். நமது வீடுகளுக்குப் பெரும்பாலும் ஓட்டுக்கூரை என்பதால் அதை இங்கே விளக்கவில்லை.

வீட்டுக்குள் வருவோம். தவணைக்கு வாங்கிய கதிரைத் தொகுதி அறையின் பாதியை அடைத்துக்கொண்டு, அதன் உறை கிழியும்வரை விருந்தினருக்காகக் காத்திருக்கும். சுவர் கட்டும்போதே அதனோடு சேர்த்துப் பதினாறு அங்குல உயரத்தில் ஒரு குந்து கட்டிவிடலாம். இரண்டரை அடி அகலமாகக் கட்டினால் பகலில் இருக்கை, இரவில் படுக்கை. பேக்கர் இதை நிறையச் செய்தார். நமது பாட்டன்மாரின் திண்ணையும் அதுதானே. சுவரில் விடும் மாடம் அலுமாரிக்குப் பதிலாகும். நிலத்திற்கு மாபிள் போன்ற தரையோடு வேண்டாம். சிவப்புச் சாயம் கலந்த சீமெந்தை ஒரு நல்ல கொத்தர் கரண்டியால் அழுத்தி மினுக்கி விட்டால், கால் பட்டுப்பட்டு ஆண்டுக்காண்டு மெருகேறும்.

இன்னும் தறப்பாளுக்குக் கீழே இருப்பவர்கள் இதெல்லாம் எமக்கில்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஷேக்கர் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவ சமூகத்தினர் 1774இல் இங்கிலாந்திலிருந்து சென்று குடியேறியவர்கள். ஆடம்பரத்தை விலக்கி வாழ்ந்தார்கள். அவர்களது அறைகளில் சுவரைச் சுற்றி ஒரு நீண்ட மரச்சட்டம், அதில் வரிசையாக மர முளைகள். சட்டை, தொப்பி, விளக்கு எல்லாம் அதில் தொங்கும். கூட்டும்போது கதிரைகளையும் தூக்கி அதிலேயே மாட்டிவிடுவார்கள். அன்று அவர்கள் தம் பாவனைக்குச் செய்த கதிரைகள் இன்று அரும்பொருட் காட்சிச்சாலைகளில் இருக்கின்றன. நமது உறியும் இதே சிந்தனையில் பிறந்ததுதான். கொட்டிலின் மரங்களுக்கிடையே ஒரு சட்டத்தைக் கட்டி, வேம்புக் கொம்பில் பத்து முளை சீவி அடித்தால், பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் புத்தகப் பையும் மழைநீர் ஓடும் நிலத்தை விட்டு மேலே போகும். சுளகும் நீத்துப்பெட்டியும் அங்கே தொங்கட்டும். அவற்றைவிட அழகான அலங்காரப் பொருள் நமக்குத் தெரியாது. வீடு மாறினாலும் சட்டத்தைக் கழற்றி எடுத்துச் செல்லலாம்.

அடுப்புக்கும் இதுவே பொருந்தும். 1980களில் நமது நாட்டிலேயே உருவான அனகி அடுப்பு சுட்ட களிமண்ணால் ஒரே உருப்படியாகச் செய்யப்படுவது. ஒரு நெருப்பு, இரண்டு பானை. முன்வாயில் சோறு கொதிக்கும்போது பின்வாயில் கறி வேகும். மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவு. குயவர்கள் செய்வதால் காசு கிராமத்திலேயே நிற்கிறது. அதைச் சுற்றி மண்ணால் மெழுகி மேடை கட்டினால் குசினியே புதிதாகத் தோன்றும்.

இவற்றையெல்லாம் யார் தீர்மானிப்பது? 1950களில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியருக்கான வீட்டுத்திட்டம் ஒன்றை அமைத்த மினெற் டி சில்வா, நமது நாட்டின் முதற் பெண் கட்டடக் கலைஞர். அங்கே குடியேறவிருந்த பல இன, மதக் குடும்பங்களுக்குக் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டறிந்து வரைபடம் தயாரித்தார். இதற்கு மாறாக, 2016இல் வடக்கு கிழக்கிற்கு 65,000 உருக்கு வீடுகள் கொண்டுவரும் முயற்சி நடந்தது. சூட்டைத் தாங்காது, பழுதானால் நமது மேசன் திருத்த முடியாது, உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலையில்லை என்று மக்களும் அறிஞர்களும் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வரைபடத்தோடு யார் வந்தாலும், அது நல்ல மனத்தோடு வரும் திருச்சபை நிறுவனமாயினும், முதலில் நம்மைக் கேட்க வேண்டும்.

கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் விடை இருக்கவேண்டும். அதற்கு ஒரு பயிற்சி. காணி கிடைத்தவர்கள் காணியிலும், மற்றவர்கள் கோவில் வளவிலோ பள்ளி மைதானத்திலோ, கயிறு பிடித்துச் சாம்பல் தூவி உங்கள் வீட்டின் முழு அளவையும் நிலத்தில் வரையுங்கள். அறைக்குள் பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். கதவு திறக்க இடமிருக்கிறதா? நெல்மூடை எங்கே? பிற்பகல் நாலு மணி வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? குசினி எந்தப் பக்கம், கிணற்றுக்கு எத்தனை அடி என்பதை அங்கே நின்று சமைக்கப் போகிறவரே சொல்லட்டும், ஆண்கள் சற்றுப் பொறுத்திருக்கட்டும். பிடிக்காவிட்டால் சாம்பலைக் காலால் அழித்துவிட்டு மறுபடி வரையலாம். இரண்டு மூன்று நாட்கள் அப்படியே விட்டு, காலையிலும் மாலையிலும் போய் நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு மேசனைக் கூட்டி வாருங்கள்.