தேய்ந்த டீசல் இயந்திரமும் எண்ணெய்ச் சேர்க்கையும்

நம் பழைய மாணவருள் லொறியும் உழவு இயந்திரமும் வைத்திருப்போர் உளர். தேய்ந்த டீசல் இயந்திரத்தின் மசகெண்ணெயில் ஒரு தகரம் சேர்க்கையை ஊற்றினால் இழந்த நெருக்கம் மீளும் என விற்போர் அவர்க்குக் கூறுவர். அக்கூற்று எத்துணை மெய் என ஈண்டு ஆராய்வோம்.

ருடோல்ப் டீசல் 1897 இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் இயக்கிக் காட்டிய இயந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. இன்றைய டீசல் இயந்திரங்கள் பலவற்றில் முசலம் காற்றை ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை நெருக்க, அதன் வெப்பநிலை 500 பாகை சதத்தைக் கடக்கும். அதிற் சீறும் எரிபொருள் தானே பற்றும். நெருக்கம் குன்றின் வெப்பமும் குன்றும். குளிர்ந்த காலையில் இயந்திரம் எழும்ப மறுத்து வெண்புகை கக்குவது இதனாலேயே.

நெருக்கம் வால்வு வழியாகக் கசியலாம். எரிந்த காஸ்கட் வழியாகவும் கசியலாம். முசல வளையமும் உருளைச் சுவரும் தேய்ந்திருக்கலாம். அன்றி, காபன் படிந்து வளையம் தன் தவாளிப்பில் ஒட்டியிருக்கலாம். இவற்றுள் இறுதியிற் கூறியதற்கே சேர்க்கை உண்மையாய் உதவக்கூடும். அழுக்ககற்றும் சேர்க்கை படிவை இளக்கி விட்டால் வளையம் மீண்டும் சுவரோடு பொருந்தும். அங்கே உலோகம் தேயவில்லை; சிறைப்பட்டிருந்தது, அவ்வளவே. நல்ல டீசல் மசகெண்ணெயில் அழுக்ககற்றி முன்னரே கலந்து வருவதை வாங்குவோர் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

தேய்ந்த உலோகமோ எண்ணெயில் மீண்டும் வளராது. எனினும், "ஊற்றினோம், வண்டி திருந்திற்று" என்பாரை யாம் பொய்யர் என்னோம். அவர் ஊற்றியது எண்ணெயைத் தடிப்பாக்கும் சேர்க்கையாயின், தடித்த எண்ணெய் இடுக்கை அடைத்துச் சிலகாலம் கசிவைத் தடுக்கும். அதன் நீண்ட மூலக்கூறுகள் இயந்திர அசைவில் அறுபட்டதும் தடிப்பு நீங்கி, பழைய நோய் தலைகாட்டும்.

அளவுமானியும் ஏமாற்றும். பெற்றோல் இயந்திரத்தின் உருளைக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு அளந்து, அளவு உயரின் வளையமே குற்றவாளி எனத் துணிவர். டீசலில் முசலத்தின் மேலுள்ள வெளி மிகச் சிறிது. விட்ட எண்ணெய் அவ்விடத்தை நிரப்பித் தானே அளவை உயர்த்திவிடும். ஆதலால் அச்சோதனை டீசலுக்கு ஒவ்வாது.

தகரத்திற்குப் பணம் கொடுக்குமுன், முசலத்தை மேல்நிலையில் நிறுத்தி உருளைக்குள் அமுக்கக் காற்றைச் செலுத்திச் செவி கொடுக்கச் சொல்லுங்கள். புகைக்குழாயில் இரைந்தால் வால்வு. தண்ணீர்த் தொட்டியிற் குமிழி எழுந்தால் காஸ்கட். எண்ணெய் ஊற்றும் வாயில் இரைந்தால் வளையப் பகுதியே பழுது. அப்போது மட்டும், அடுத்த எண்ணெய் மாற்றும் வரை அழுக்ககற்றும் சேர்க்கையைச் சோதித்துப் பார்க்கலாம். இரைச்சல் அதன்பின்னும் குறையாவிடின், வளையமும் லைனரும் மாற்றுவதற்குப் பணம் சேர்க்கத் தொடங்குக.