மின்கட்டணமும் கைப்பேசிக் கட்டணமும் நமது நாணயமும்

தோட்டத்தில் ஒருவர் நாணயமானவரா என்பதை அறிய, முன்பெல்லாம் தோட்டக் கடைக்காரரைக் கேட்டாலே போதும். அரிசி, பருப்பு, மீன் டின், மண்ணெண்ணெய் என மாதம் முழுவதும் வாங்கியவை யாவும் 555 என்னும் அந்தச் சிறிய கணக்குப் புத்தகத்தில் ஏறியிருக்கும். சம்பள நாளன்று நேரே வந்து கணக்கைத் தீர்த்தவர் யார், கடையைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் வீட்டுக்குப் போனவர் யார் என்பது கடைக்காரருக்கு நன்கு தெரியும். இன்றோ, நாம் கடன் கேட்டுச் செல்லும் வங்கியின் அலுவலர் நம் முகத்தையும் அறியார், நம் தோட்டத்தின் பெயரையும் அறியார். கணினியில் அவர் காணும் ஓர் அறிக்கையே நம்மைப் பற்றி அவரிடம் பேசுகிறது.

இதை நாம் சிறிய செய்தியாக எண்ணுவதற்கில்லை. தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டியதுதான். பால்மரம் சீவியே வாழ்நாளைக் கழித்த ஒருவர், ஓய்வு பெறும் வயதில் குடியிருக்க இடம் தேடி அலையாதிருக்க வேண்டுமாயின், சம்பளச் சீட்டும் ஊழியர் சேமநிதிக் கணக்கும் கையில் உள்ளபோதே மலிவு விலை வீடொன்றுக்கு வங்கிக் கடன் பெற்றாக வேண்டும். அந்த விண்ணப்பம், என்றோ மறந்துவிட்ட 150 வெள்ளிக் கைப்பேசிக் கட்டணத்தால் தடைப்படுமா? மாதந்தவறாமல் மின்கட்டணம் கட்டி வந்தவருக்கு வங்கியில் அதனால் மதிப்பு உயருமா? இவ்விரண்டு கேள்விகளும் நம் தொழிலாளர்களிடையே அடிக்கடி எழுகின்றன. முதற்கேள்விக்கு விடை, தடைப்படலாம் என்பது. இரண்டாவதற்கு விடை, பெரும்பாலும் உயராது என்பது. இது நியாயமா என்று கேட்கத் தோன்றும். முழு நியாயம் என்று நாமும் சொல்லமாட்டோம். ஆயினும் ஏற்பாடு எவ்வாறு அமைந்துள்ளது என்பதைத் தெரிந்துகொண்டால், அதற்கேற்ப நாம் நடந்துகொள்ள முடியும்.

நம் நாட்டில் கடன் விவரங்கள் இருவகை ஏடுகளில் பதியப்படுகின்றன. முதலாவது, மத்திய வங்கியாகிய பேங்க் நெகாரா மலேசியா பராமரிக்கும் ஏடு. அவ்வங்கி 1982-ஆம் ஆண்டில் கடன் தகவல் பிரிவொன்றை நிறுவியது. 2001-ஆம் ஆண்டு முதல் அதன் பணி ‘சிக்ரிஸ்’ என்று வழங்கும் கணினி முறையில் நடைபெற்று வருகிறது. வங்கிகளும் வேறு சில கடன் நிறுவனங்களும் தாங்கள் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்துள்ளன, அது ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தப்படுகிறதா என்பதை இதற்குத் தெரிவிக்கின்றன. வீட்டுக் கடன், கார்க் கடன், கடன் அட்டை ஆகியவை இதில் அடங்கும். பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிக்கப் பெற்ற பி.டி.பி.டி.என். கடனும் இதில் இடம் பெறுகிறது.

மின்கட்டணமோ, நீர்க்கட்டணமோ, கைப்பேசிக் கட்டணமோ சிக்ரிஸ் ஏட்டில் இல்லை. தெனாகா நேஷனல் நிறுவனத்துக்கு இருபது ஆண்டுகள் ஒரு நாளும் தாமதியாமல் கட்டணம் செலுத்தியவராயினும், அவ்வேட்டில் அதற்கு ஒரு வரியும் இராது. ஏனெனில் அது கடன் கொடுத்தோரின் ஏடு. மின்சாரம் விற்றோரின் ஏடன்று.

சிக்ரிஸ் அறிக்கையைப் படிக்கும் விதத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த 12 மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் காணப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண், எத்தனை மாதத் தவணை நிலுவையில் உள்ளது என்பதைக் குறிக்கிறது. நிலுவையே இல்லையெனில் 0. ஒரு மாதம் தவறியிருந்தால் 1. இரண்டு மாதமாயின் 2. பள்ளிக்கூடத்தில் பிள்ளை பூஜ்யம் வாங்கி வந்தால் நமக்குக் கோபம் வரும். இங்கே பன்னிரண்டு பூஜ்யங்கள் வாங்கியவரே முதல் மாணவர்! இதில் ‘கறுப்புப் பட்டியல்’ என்று ஒன்று கிடையாது. பேங்க் நெகாரா எவருக்கும் கடன் கொடுக்காதே என்று கட்டளையிடுவதுமில்லை. விவரம் மட்டுமே தரப்படுகிறது. கொடுப்பதா, மறுப்பதா என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்கிறது.

இரண்டாவது வகை, தனியார் கடன் தகவல் நிறுவனங்களின் ஏடு. 1990-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிடோஸ் இவற்றுள் பலரும் அறிந்த பெயர். எக்ஸ்பீரியன் என்னும் நிறுவனமும் உண்டு. இவை 2010-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்பட்டு நடைபெறுகின்றன. ‘கடன் தகுதிப் புள்ளி’ என்று மக்கள் பேசிக்கொள்வது இந்நிறுவனங்கள் கணக்கிட்டுத் தரும் எண்ணையே. சிடோஸ் தரும் புள்ளி 300 முதல் 850 வரை இருக்கும். அதைக் கணக்கிடுகையில், கடனைத் திருப்பிச் செலுத்திய ஒழுங்குக்கு 45 விழுக்காடும், இன்னும் பாக்கியுள்ள தொகைக்கு 20 விழுக்காடும் இடமளிப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. மிகுதி, புதிதாக வாங்கிய கடன்கள், கடன்களின் வகை, எவ்வளவு காலமாகக் கடன் வைத்திருக்கிறோம் என்பன போன்றவற்றுக்கு.

நம் கேள்விக்கு உரிய இடம் இந்த இரண்டாவது ஏடே. தனியார் நிறுவனத்தின் அறிக்கையில் வங்கிக் கடன்கள் மட்டுமின்றி, நீதிமன்ற வழக்குகளும், நொடிப்பு விவரங்களும், வங்கியல்லாத பிறருக்குத் தரவேண்டிய பாக்கிகளும் இடம் பெறக்கூடும். கைப்பேசி நிறுவனமோ, நீர் விநியோக நிறுவனமோ இச்சேவையின் சந்தாதாரராக இருந்து, நாம் நெடுநாள் கட்டாதிருக்கும் தொகையை அதில் பதியுமாயின், வீட்டுக் கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர் அதைக் காண்பார். புள்ளி குறைந்ததோ இல்லையோ, அந்த ஒரு வரியைப் படித்தவர் மனத்தில் ஐயம் எழுவது இயல்பு. 150 வெள்ளியைக் கட்டாதவர் மாதாமாதம் 400 வெள்ளியைக் கட்டுவாரா என்று அவர் எண்ணினால் அவரைக் குறை கூற முடியாது. ஒழுங்காகக் கட்டியவை வெளியே தெரிவதில்லை. கட்டாமல் விட்டதே தெரிகிறது.

ஒரு மாதம் தாமதித்தால் உடனே பெயர் ஏறிவிடும் என்று அஞ்ச வேண்டாம். நினைவூட்டுக் கடிதங்கள், சேவைத் துண்டிப்பு, வழக்கறிஞர் கடிதம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருவதே வழக்கம். தீங்கு விளைவிப்பது, இக்கடிதங்கள் நம் கைக்கு வந்து சேராதபோதுதான். தோட்டத்தில் அது எவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

பல தோட்டங்களில் மின்சாரமும் நீரும் நிர்வாகத்தின் பெயரிலேயே இருக்கும். தொகை சம்பளத்தில் கழிக்கப்படும். அவ்வாறாயின் அக்கணக்கு நம்முடையதன்று. அதனால் நமக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஆனால் லயத்தை விட்டுப் பக்கத்துப் பட்டணத்தில் வாடகை வீட்டுக்குக் குடிபோகும் ஒருவர், முதன்முறையாகத் தம் அடையாள அட்டையைக் கொடுத்துத் தம் பெயரில் மின்கணக்கு திறக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து வேறு தோட்டத்தில் வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்கிறார். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறார். கணக்கை மூடவில்லை. பின்னர் வந்து குடியேறியவர் எரிக்கும் விளக்குக்கும் இவர் பெயரிலேயே கட்டணம் ஏறுகிறது. கடிதங்கள் பழைய முகவரிக்குப் போகின்றன, பிரிப்பார் இல்லை. இது நாம் எடுத்துக்காட்டாகச் சொல்வதே. எனினும் இப்படி நேர்வதற்கு அதிக முயற்சி தேவையில்லை, மறதி ஒன்றே போதும்.

வீடு மாறும்போது மின்நிறுவனத்துக்கும் நீர் நிறுவனத்துக்கும் தெரிவித்துக் கணக்கை முறைப்படி மூட வேண்டும். கணக்கு திறக்கும்போது நாம் கட்டிய முன்பணம் அங்கே இருக்கிறது. மின்சாரத்துக்கு அது வழக்கமாக இரண்டு மாத உபயோகத்தின் மதிப்பளவு. கடைசிப் பாக்கியை அதில் கழித்துக்கொண்டு, மீதியிருப்பின் திருப்பித் தருவார்கள். நம் பணம் அது, விட்டுவிட்டுப் போவானேன்?

கைப்பேசியில் இருவகை உண்டு. முன்கூட்டியே பணம் ஏற்றிப் பேசுவது ஒன்று. பேசிய பின் மாத இறுதியில் கட்டணம் வருவது மற்றொன்று. முன்பணம் ஏற்றிப் பேசுபவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர். ஆகவே அவரைப் பற்றிப் பதிய எதுவுமில்லை. நம் தொழிலாளர்களுள் பலருக்கு இம்முறையே ஏற்றது என்பது நம் கருத்து. மாதக் கட்டண முறையிலோ, புதிய கைப்பேசியை மலிவாகத் தருகிறோம் என்று 24 மாத ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குவார்கள். ஆறு மாதத்தில் கைப்பேசி உடைந்துவிட்டது, இனி எதற்குக் கட்டுவது என்று நிறுத்திவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. மீதிக் காலத்துக்கான அபராதமும் சேர்ந்து கணக்கில் நிற்கும்.

மற்றொரு வழக்கமும் தோட்டங்களில் உண்டு. மைத்துனர் கேட்டார், நண்பர் கேட்டார் என்று நம் அடையாள அட்டையைக் கொடுத்து, அவர்கள் பயன்படுத்தும் இணைப்பை நம் பெயரில் எடுத்துத் தருவது. பேசுபவர் அவர், கடனாளி நாம். உறவை முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. முன்பணம் ஏற்றும் அட்டையை அவர் தம் பெயரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று எடுத்துக் கூறினால் போதும்.

ரப்பர்த் தொழிலில் வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. அடைமழை நாள்களில் மரம் சீவ முடிவதில்லை. அம்மாதங்களில் எல்லாக் கட்டணங்களையும் ஒருசேரக் கட்ட இயலாமற்போவது எவருக்கும் நேரக்கூடியதே. அப்போது எதை முந்திக் கட்டுவது? வங்கித் தவணையை முதலில் கட்டுங்கள் என்போம். சிக்ரிஸ் கட்டத்தில் ஒரு மாதத் தவறும் எண்ணாக ஏறிவிடுகிறது. மேலும், தவணைக் கொள்முதல் முறையில் வாங்கிய மோட்டார்சைக்கிளாயின், தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறியபின், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அதைப் பறிமுதல் செய்ய 1967-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அடுத்தது மின்சாரமும் நீரும். அலுவலகத்துக்கு நேரில் சென்று, பாக்கியைப் பகுதி பகுதியாகக் கட்ட அனுமதி கேட்கலாம். கைப்பேசி அதற்கும் பின்னரே. ஆனால் எந்த மாதம் பால் குறையும் என்பது நாம் முன்பே அறிந்ததுதானே. பால் நன்றாக வரும் மாதங்களில் கட்டணத்தைச் சற்று முன்கூட்டியே கட்டி வைப்பதற்கு எந்த நிறுவனமும் மறுப்புக் கூறாது.

கட்டணம் கட்டுவதால் நற்பெயர் ஏறாதெனில், அதை எவ்வாறு பெறுவது? சிறிய வங்கிக் கடன் ஒன்றை, நம் சம்பளத்துக்குத் தாங்கக்கூடிய அளவில் பெற்று, நாள் தவறாமல் கட்டி வருவதே வழி. ஒருபோதும் கடன் வாங்காதவரைப் பற்றி வங்கிக்கு ஒன்றும் தெரியாது. கடனில்லாமல் வாழ்வதைப் பெருமையாகக் கருதி வளர்ந்த நமக்கு இது விந்தையாகவே படும். புள்ளிக்காகத் தேவையற்ற கடனை வாங்குங்கள் என்று நாம் சொல்லவில்லை; எப்படியும் வாங்க வேண்டிய மோட்டார்சைக்கிளை முறையான நிறுவனத்தின் மூலம் வாங்கினால், அந்தப் பதிவு பின்னாளில் வீட்டுக்கு உதவும். ஆலோங்கிடம் வாங்கிய கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் எந்த ஏட்டிலும் ஏறாது. உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரரே அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆலோங் அதை ஒரு மாதத்திலேயே கேட்பார்.

வீட்டுக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர், அதற்குச் சில மாதங்கள் முன்னரே தம் அறிக்கையைப் பார்த்துக்கொள்வது நலம். சிக்ரிஸ் அறிக்கையைப் பேங்க் நெகாராவிடம் கட்டணமின்றிப் பெறலாம். இணையத்தில் பதிவு செய்துகொண்டு கைப்பேசியிலேயே காணவும் வழியுண்டு. பிள்ளைகளின் உதவியை நாடத் தயங்க வேண்டாம். அதில் மின், நீர், கைப்பேசிப் பாக்கிகள் இரா என்பதால், தனியார் நிறுவனமொன்றின் அறிக்கையையும் பெற்றுப் பார்க்க வேண்டும். கடன்கள் மிகுந்து எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள், பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டில் நிறுவிய ஏகேபிகே நிலையத்துக்குச் சென்றால் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

அறிக்கையில் நமக்குரியதல்லாத பாக்கி ஏதும் இருந்தால், திருத்தக் கோரும் உரிமையைச் சட்டம் நமக்கு அளித்துள்ளது. பாக்கி நம்முடையதேயாயின், முதலில் உரிய நிறுவனத்திடம் தொகையைக் கட்ட வேண்டும். ரசீதோடு நின்றுவிடாமல், ‘கணக்கு முழுமையாகத் தீர்ந்தது’ என்று அந்நிறுவனம் எழுதிய கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அக்கடிதத்தின் நகலைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பி, மூலத்தை வீட்டுப் பத்திரங்கள் வைக்கும் பெட்டியில் பத்திரப்படுத்தி, சில வாரங்கள் கழித்துப் புதிய அறிக்கை ஒன்றைப் பெற்று, அந்த வரி திருத்தப்பட்டுள்ளதா எனப் பார்த்த பிறகு வீட்டுக் கடன் விண்ணப்பத்தை எழுதத் தொடங்கலாம்.