முதல் ஊசி யாருக்கு?

கேள்வி: பட்ட மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் கணினித் திரையிலும் பொம்மையிலும் பழகுகிறார்களாமே? அவர்களை நம்பி உடம்பைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அப்படிப் பழகாதவரிடம்தான் யோசிக்க வேண்டும், அம்மா. முன்பெல்லாம் புது டாக்டரின் முதல் ஊசியே நோயாளியின் கையில்தான் இறங்கும். இன்று மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கூடம் இருந்தாக வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள புத்தூர் அரசு மருத்துவமனையோடு இணைந்த கி.ஆ.பெ. விசுவநாதம் கல்லூரிக்கும் அது பொருந்தும்.

பலன் உண்டா? 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி டாக்டர்களை வைத்துச் சோதித்தார்கள். மெய்நிகர் கருவியில் பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையையோ பக்கத்துத் திசுவையோ காயப்படுத்தும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது.

ஆனால் பொம்மை பயப்படாது; நான்கு நாள் நெஞ்சுவலியை “சும்மா வாயுதான்” என்று மறைக்காது. அந்தப் பாடத்தை வார்டில்தான் படிக்க முடியும். எனவே சிகிச்சைக்குப் போகும்போது, “மேற்பார்வைக்குப் பெரிய டாக்டர் கூட இருப்பாரா?” என்று தயங்காமல் கேளுங்கள்.