அடுப்படிக்கும் நல்ல வெளிச்சம் வேண்டும்



போன மாதக் குழுக் கூட்டத்துக்கு ஒரு அக்கா விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டோம். "ராத்திரி வெங்காயம் அரிஞ்சேன். அருவாமனையில பட்டுருச்சு. கை சரியாத் தெரியல" என்றார். வீட்டில் கரண்ட் இல்லையா என்றால், இருக்கிறது. பல்பும் எரிகிறது. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் எரிகிறது!

இதைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் அவரவர் அடுப்படியை நினைத்துப் பார்த்தோம். கூடத்தில் டி.வி. பார்க்கப் பளிச்சென்று டியூப் லைட். அடுப்படியில்? கூடத்தில் மங்கிப்போனதைக் கழற்றி வந்து மாட்டிய பழைய பல்பு. நெருப்பு, கத்தி, கொதிக்கும் எண்ணெய் எல்லாம் இருக்கிற இடத்தில்தான் வீட்டிலேயே குறைந்த வெளிச்சம். நமக்கும் அது பழகிப் போச்சு. இந்த மாதம் அதை மாற்றுவது பற்றிப் பேசுவோம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு சின்னச் சோதனை. இரவு 7 மணிக்கு அடுப்பின் முன் நின்று பாருங்கள். உங்கள் தலை நிழல் சட்டியின் மேல் விழுகிறதா? விழுந்தால், விளக்கு பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு பெரிய பல்பு போட்டாலும் இந்த நிழல் போகாது.

பிள்ளையிடம் செல்போன் டார்ச்சைக் கொடுத்து, சுவர் ஓரமாக நாலைந்து இடத்தில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் காய் நறுக்குங்கள். எங்கே பிடிக்கும்போது கை நன்றாகத் தெரிகிறதோ அதுதான் விளக்குக்குச் சரியான இடம். வலது கையால் வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் முன்பக்கம், கொஞ்சம் இடது புறம் சரியாக வரும். ஆனால் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். சூடும் ஆவியும் எண்ணெய்ப் புகையும் பட்டால் விளக்கு சீக்கிரம் கெட்டுப்போகும்.

வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க முடியாது என்கிறீர்களா? விளக்கை நகர்த்த முடியாவிட்டால் நாம் திரும்பி உட்காரலாம். அரிவாள்மனையை விளக்கைப் பார்த்த மாதிரி போட்டுக்கொண்டால் அரை வேலை முடிந்தது.

காசில்லாமல் கூடும் வெளிச்சம்

கரி படிந்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். சுண்ணாம்பு அடித்த சுவர் திருப்பித் தரும். வருடம் ஒரு முறை அடுப்படிக்கும் சேர்த்து வெள்ளையடியுங்கள். மாதம் ஒரு முறை சுவிட்சை அணைத்து, ஆறிய பிறகு பல்பை உலர்ந்த துணியால் துடையுங்கள். பகலிலும் விளக்குப் போட வேண்டிய ஓட்டு வீடாக இருந்தால், ஒரே ஒரு கண்ணாடி ஓடு மாற்றிப் பாருங்கள். மதியச் சமையலுக்குச் சூரியனே போதும்.

எந்த விளக்கு வாங்கலாம்?

கடையில் "எத்தனை வாட்?" என்றுதான் கேட்கிறோம். வாட் என்பது விளக்கு தின்னும் கரண்ட். அது தரும் வெளிச்சத்தின் அளவுக்கு லூமன் என்று பெயர். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமன் வெளிச்சம் தரும். 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 800 முதல் 900 லூமன் தரும். ஆறில் ஒரு பங்கு கரண்ட்டில் அதைவிடக் கூடுதல் வெளிச்சம்! 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்.இ.டி. விலையும் நன்றாக இறங்கியது. 9 வாட் பல்பு இன்று சுமார் 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

எட்டடிக்கு எட்டடி அடுப்படிக்கு ஒரு 9 வாட் பல்பு போதும். பெரிய அடுப்படி என்றால் ஒரே பெரிய விளக்கைவிட, வேலை செய்யும் இடத்துக்கு ஒன்று, பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஒன்று என்று இரண்டு சின்ன விளக்கு நல்லது. அரிசியில் கல் பொறுக்க, கீரையில் பூச்சி பார்க்க வெள்ளை வெளிச்சம் வசதி.

வாங்கும்போது பெட்டியில் லூமன் எண், நட்சத்திரக் குறி, பி.ஐ.எஸ். முத்திரை இவை இருக்கிறதா பாருங்கள். பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். உத்தரவாத காலத்துக்குள் கெட்டால் மாற்றிக் கேட்க அதுதான் சாட்சி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு நாளைக்கு 5 மணி நேரம் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

60 வாட் பல்பு: இரண்டு மாதத்துக்கு 18 யூனிட்.
9 வாட் எல்.இ.டி.: இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட்.
மிச்சம்: சுமார் 15 யூனிட்.

தமிழ்நாட்டில் 2016-ல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்று வந்தது. கட்டணமில்லாத அளவுக்குள்ளேயே ஓடுகிற வீட்டில் இந்த 15 யூனிட்டால் பில் குறையாது. அதைத் தாண்டுகிற வீட்டில் குறையும். உங்கள் கணக்கீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். பில் குறையாத வீட்டிலும் ஒரு லாபம் உண்டு. குண்டு பல்பின் ஆயுள் சுமார் 1000 மணி நேரம்தான். 200 நாளில் அடுத்தது வாங்க வேண்டும். நல்ல எல்.இ.டி. பல வருடம் வரும்.

கரண்ட் போனால்

சிம்னி விளக்கை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். முந்தானை பட்டால் போதும், பெரிய ஆபத்து. உள்ளேயே பேட்டரி உள்ள எல்.இ.டி. பல்பு கிடைக்கிறது. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறி, போனதும் தானாக எரியும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் அடுப்படிக்கு இதையே மாட்டலாம்.

மறக்கக் கூடாதவை

* ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.
* ஹோல்டர் மாற்ற, ஒயர் இழுக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள். ஒட்டுப் போட்ட ஒயர் அடுப்படியில் வேண்டவே வேண்டாம்.
* கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தீப்பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள்.

இந்த மாதக் கூட்டத்தில்

1. நிழல் சோதனையை எத்தனை பேர் செய்தோம்? யார் வீட்டில் விளக்கு பின்னால் இருக்கிறது?
2. விளக்கு மாற்ற வேண்டியவர்களின் பட்டியலை ஊக்குநர் எழுதட்டும். சேர்ந்து வாங்கினால் கடைக்காரரிடம் விலை பேசலாம்.
3. ஒயர் வேலைக்குப் பணம் தேவைப்படும் உறுப்பினருக்குச் சிறிய உள்கடன் தரலாமா? பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

விரலில் துணி சுற்றி வந்த அக்கா இப்போது ஹோல்டரை ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டார். "பல்பு பழசுதான், ஆனா இப்ப என் கை எனக்குத் தெரியுது" என்கிறார். அடுத்த செலவு, அவருக்கு ஒரு எல்.இ.டி. பல்பு. நம்ம வீட்டில் நாம் அதிக நேரம் நிற்கிற இடம் அடுப்படி. அதற்கு நல்ல விளக்குக் கேட்பது ஆடம்பரம் இல்லை, சகோதரிகளே.